திருச்சி விமான நிலையப் புதிய முனையம்: பசுமைக் கட்டமைப்பு

திருச்சிராப்பள்ளி பன்னாட்டு விமான நிலையத்தின் இரண்டடுக்கு முனையத்தைப் பிரதமர் நரேந்திர மோடி 2024 ஜனவரி 2 அன்று திறந்துவைத்தார். அதே ஆண்டு ஜூன் முதல் அது பயன்பாட்டில் உள்ளது. செலவு 1,100 கோடி ரூபாய்க்கு மேல். ஆண்டுக்கு 44 லட்சம் பயணிகளைக் கையாளலாம்.

பசுமைக் கட்டடங்களுக்கான இந்தியத் தரமதிப்பீடான ‘கிருஹா’வில் நான்கு நட்சத்திரம் பெறும் இலக்குடன் திட்டமிடப்பட்டது. இத்தகைய கட்டடத்துக்குத் திருச்சியில் முதல் எதிரி வெயில்தான். சித்திரை மதியத்தில் தகரக் கொட்டகையில் நின்றவருக்கு இது புரியும்: தகடு சூடேறி, அந்தச் சூட்டை அப்படியே கீழே இறக்கும். அதைத் தடுக்க, இரு தகடுகளுக்கிடையே வெப்பக்காப்புப் பொருளை வைத்துக் கூரை அமைப்பார்கள். வெப்பத்தைக் குறைவாக உள்ளே விடும் கண்ணாடியும் இதே வேலையைச் செய்கிறது. சூடு எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவுக்குக் குளிர்சாதன மின்செலவும் குறையும். கண்ணாடி மாளிகை கட்டிவிட்டு ஏசியை நம்பும் அலுவலகங்களுக்கு இந்த அணுகுமுறை நேரெதிர். மழைநீர் சேகரிப்பு, எல்இடி விளக்குகள் ஆகியவை பசுமைக் கட்டடங்களில் வழக்கமானவை.

முகப்பின் வண்ணங்கள் ஸ்ரீரங்கம் கோபுரத்தை நினைவூட்டுபவை. பலர் படமெடுப்பது முகப்பைத்தான். கூரையை யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை.