பச்சைக்கல் உடுப்பு

சாவை ஏமாற்ற மனிதன் செய்த சூழ்ச்சிகளுக்குள் சீனத்து ஹான் வமிசத்தார் செய்ததுதான் அழகானது என்பேன். ஜேடு என்னும் பச்சைக்கல் உடலை அழியவிடாது என்று அவர்கள் நம்பினார்கள். கி.மு. 113-ல் இறந்த சிற்றரசன் லியூ ஷெங்குக்கு 2,498 கல் தகடுகளைப் பொற்கம்பியால் கோத்து, உச்சி முதல் உள்ளங்கால் வரை ஓர் உடுப்புப் பூட்டினார்கள். பொன் மட்டும் ஒரு கிலோவுக்கு மேல்! மதுவிலும் மாதரிலும் திளைத்து, நூற்றிருபது பிள்ளைகளுக்கு மேல் பெற்றவனாம் இந்த மகாராஜா.

1968-ல் மான்செங்கில், மலையைக் குடைந்த அந்தக் கல்லறை திறக்கப்பட்டது. உடுப்பு இருந்தது; உடுத்தவன் ஏறக்குறைய மண்ணாகியிருந்தான்.

வேறு பல கல்லறைகளில் அந்த மட்டும்கூட மிஞ்சவில்லை. திருடர்கள் பொன்னுக்காக உடுப்பை எலும்போடு சேர்த்துக் கொளுத்தினார்கள். அதைக் கண்டுதான் வேய் பேரரசன் சாவ் பீ, தனக்கு அப்படி ஒன்றும் வேண்டாமென்று கி.பி. 222-லேயே எழுதி வைத்துவிட்டான். புத்திசாலி!

எனக்கென்னவோ, அரசி தோவ் வானின் கல்லறையில் கிடைத்த வெண்கல விளக்குத்தான் மனத்தை விட்டு அகலவில்லை. பொன்முலாம் பூசிய பணிப்பெண் ஒருத்தி மண்டியிட்டு அதை ஏந்துகிறாள். அவள் அங்கியின் வலக்கைதான் புகைபோக்கி. புகை அவள் உடம்புக்குள் இறங்கிவிடும். எசமானியின் கண் கரிக்கக் கூடாதல்லவா? விளக்கில் மாளிகையின் பெயரைப் பொறித்திருக்கிறார்கள், எடையைக்கூடப் பொறித்திருக்கிறார்கள். அந்தப் பெண்ணின் பெயரைத்தான் காணோம்.