ஓலோ முதல் நுரைப்பலகை வரை: நீள்பலகையின் மூலப்பொருளும் உழைப்பு உறவுகளும்

கருவியொன்றின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அதன் வடிவ மாற்றங்களையே வரிசைப்படுத்திச் செல்வர். கடலலையின் மீது நின்று சறுக்கிச் செல்வதற்கான பலகையின் வரலாறும் இவ்வாறே எழுதப்பட்டு வந்துள்ளது. முழுமரம் கனமானது, பல்சா மரம் இலேசானது, செயற்கை நுரை அதனினும் வசதியானது, எனவே பலகை படிப்படியாக முன்னேறியது என்பதே அவ்வரலாற்றின் சாரம். இக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆயின், பலகையை யார் செய்தனர், அதற்குரிய பொருள் எங்கிருந்து வந்தது, அதன்மீது நிற்கும் உரிமை யாருக்கு இருந்தது என்னும் வினாக்களுக்கு அது விடை கூறுவதில்லை. ஏறத்தாழ ஒன்பது அடியும் அதற்கு மேலும் நீளமுடைய நீள்பலகையின் முக்கிய வகைகளை அவற்றின் மூலப்பொருள்களோடும், அவற்றைத் தோற்றுவித்த சமூக உறவுகளோடும் இணைத்து ஒப்புநோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. தலைவரின் மரமும் குடிகளின் மரமும்

ஐரோப்பியர் வருகைக்கு முன்னரே ஹவாய்த் தீவுகளில் ஆண், பெண், சிறுவர் அனைவரும் அலைச்சறுக்கில் ஈடுபட்டிருந்தனர். 1779இல் கெயலாகெகுவா குடாவில் ஜேம்ஸ் குக் கொல்லப்பட்ட பின்னர், அவரது பயணக்குறிப்புகளைத் தொடர்ந்து எழுதிய ஜேம்ஸ் கிங் இதனை வியப்போடு வருணித்துள்ளார். எனினும் பலகைகளின் வேறுபாட்டை அறிவதற்கு அந்நாட்டவரின் சான்றே சிறந்தது. அரசவையிற் சிறுவயது முதல் பணிபுரிந்து, பின்னர் நீதிபதியாக விளங்கிய ஜோன் பாப்பா ஈஈ (1800–1870) இவற்றை வகைப்படுத்திக் கூறியுள்ளார். ‘ஓலோ’ நடுவில் தடித்து விளிம்புகளில் மெலிவது. சுருண்டு கவிழாமற் பெருகி ஓடிவரும் அலைக்கு உகந்தது. ‘அலாயா’ ஏறத்தாழ ஒன்பது அடி நீளமுடையது; மெல்லியது; முன்புறம் அகன்று பின்புறம் ஒடுங்குவது. கரடான அலையில் அது படுத்திருப்பவரின் வயிற்றிலும் மார்பிலும் அதிரும் என்றும் அவர் குறிப்பிடுகிறார். இது கடலிற் பழகியவரின் குறிப்பு என்பது வெளிப்படை.

ஓலோவுக்குச் சிறந்ததாகக் கொள்ளப்பட்ட மரம் விலிவிலி. இது எமது வேலிகளில் நிற்பதும், திருமணத்திற் கன்னிக்காலாக நாட்டப்படுவதுமான முள்முருக்கின் பேரினத்தைச் சேர்ந்தது. ஹவாயின் மரங்களுள் மிக இலேசானதாகையால் ஓடங்களின் பக்கமிதவைகளுக்கும் வலைமிதப்புகளுக்கும் அதுவே பயன்பட்டது. அலாயாவோ வேல இனத்தைச் சேர்ந்த கோவா மரத்திலும், ஈரப்பலாவிலும் செய்யப்பட்டது. மரத்தை வீழ்த்துமுன் செந்நிற மீனொன்றைப் படைத்தனர். கல்வாய்ச்சியாற் செதுக்கிப் பவளக்கல்லால் தேய்த்து எண்ணெய் பூசினர். பயன்படுத்திய பின் உலர்த்தி மரப்பட்டைத் துணியிற் சுற்றிப் பாதுகாத்தனர்.

இவ்வழகிய மரபை வருக்கமற்ற சமுதாயத்தின் சின்னமாகக் கொள்வது தவறாகும். பதினாறு அடியையும் எட்டும் ஓலோ தலைவர் குலத்திற்கே உரியதென மரபு விதித்தது. நிலத்திற் பாடுபட்டோரின் உபரி உழைப்பே தலைவரின் ஓய்வையும் அவரது நெடும்பலகையையும் தாங்கி நின்றது. ஆயின் கடல் முற்றாக அடைக்கப்படவில்லை. குடிமக்களிடமும் அலாயா இருந்தது. சிறப்புரிமையும் பொதுவுரிமையும் அருகருகே நிலவிய இம்முரண்பாடு மனங்கொள்ளத்தக்கது.

2. ஓலோவின் மறைவு

ஓலோ வழக்கொழிந்தமைக்கு 1820இல் வந்திறங்கிய அமெரிக்க மதப்போதகரின் கண்டிப்பையே பலரும் காரணமாகக் காட்டுவர். அது காரணங்களுள் ஒன்றே. அதற்கு முன்னரே சந்தனமர வணிகம் தொடங்கிவிட்டது. வணிகரிடம் பட்ட கடனைத் தீர்ப்பதற்காகத் தலைவர்கள் குடிகளை மலைக்காடுகளுக்கு அனுப்ப, பயிர்நிலங்கள் கவனிப்பாரற்றுக் கிடந்தன. புதிதாக வந்த நோய்கள் மக்களைக் கொன்றன. 1848இன் நிலப்பங்கீடு நிலத்தைத் தனியுடைமையாக்கிக் கரும்புத் தோட்டத்துரைமாரின் கைக்கு அது செல்ல வழிகோலியது. 1890இன் குடிமதிப்பில், கலப்பினத்தவரையும் சேர்த்து எஞ்சியிருந்த ஹவாயர் ஏறத்தாழ 40,000 பேரே. 1893இல் அரசி லிலியுவொகலானி பதவியகற்றப்பட்டார். 1898இல் தீவுகள் ஐக்கிய அமெரிக்காவுடன் இணைக்கப்பட்டன. மரத்தைத் தேரவும் செதுக்கவும் கடலிற் பொழுதைக் கழிக்கவும் வாய்ப்பளித்த சமுதாய அமைப்பே சிதைந்தபோது, நெடும்பலகை ஹொனலூலு பிஷப் அரும்பொருளகத்தின் சுவரைச் சென்றடைந்தது.

இதன் பின்னர் வெள்ளையரே அலைச்சறுக்குக்குப் புத்துயிரளித்தனர் என்னும் கதை எழுந்தது. 1907இல் வைக்கீக்கி சென்ற எழுத்தாளர் ஜக் லண்டன் அதனை ‘அரச விளையாட்டு’ எனப் புகழ்ந்தார். அப்பெயரில் அலாயாவின் குடிமக்கள் மறைந்துபோயினர். ஹவாய் வரலாற்றறிஞர் ஐசாயா வாக்கர் 2011இல் வெளியிட்ட நூலில், ஹவாயர் ஒருபோதும் அலையைக் கைவிடவில்லை என்று நிறுவியுள்ளார். 1885இல் மூன்று ஹவாய் இளவரசர்கள் கலிபோர்ணியாவின் சாந்தா குரூஸில் உள்ளூர் ரெட்வூட் மரத்திற் பலகை செய்து அலையேறினர். 1908இல் பெரிதும் வெள்ளையரைக் கொண்ட அவுட்ரிகர் ஓடக்கழகம் வைக்கீக்கியில் அமைந்தபோது, 1911இல் ஹவாயர் ‘ஹுயி நலு’ என்னும் தமது கழகத்தை நிறுவினர். 1914–15இல் அதன் முன்னணி வீரர் டியூக் கஹனமொக்கு அவுஸ்திரேலியா சென்று, சிட்னியிற் பெற்ற பைன் மரத்திற் பலகை செய்து, பிரெஷ்வோட்டர் கடற்கரையில் அதனை ஓட்டிக் காட்டினார். தீவின் மரம் கைவிட்டுப் போயினும் கைத்திறன் போகவில்லை என்பதற்கு இவை சான்றுகளாம்.

3. குடைந்த பலகையும் பல்சாவும்

ரெட்வூட் முழுப்பலகை உறுதியானது. நீரில் எளிதில் உளுத்துப்போகாதது. ஆயின் அதன் எடை 100 இறாத்தலை அண்மியது. இச்சுமைக்குத் தீர்வு தேடிய ரொம் பிளேக், 1920களில் பிஷப் அரும்பொருளகத்திலிருந்த பழம்பலகைகளைச் செப்பனிட்டு ஆராய்ந்தவர். அவற்றின் வடிவைப் பின்பற்றிய பலகையில் நூற்றுக்கணக்கான துளைகளை இட்டு, மேலும் கீழும் மெல்லிய பலகையால் மூடி எடையைக் குறைத்தார். பின்னர், விமானச் சிறகைப் போலச் சட்டங்களின் மீது ஒட்டுப்பலகை போர்த்திய உட்குழிவான பலகையை உருவாக்கி, 1932இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1935இல் அவரே பலகையின் அடியில் செட்டை பொருத்தியதும் திசைதிரும்புவது எளிதாயிற்று. ஹவாயரின் பொது அறிவிலிருந்து பிறந்த வடிவம் தனியொருவரின் காப்புரிமையாக மாறியமை கவனிக்கத்தக்கது. எனினும் சஞ்சிகைகளில் வெளியான அதன் வரைபடங்களைக் கொண்டு மாணவர்கள் தாமே பலகை செய்தனர் என்பதையும் மறத்தலாகாது. பொருத்துகளினூடாக நீர் கசிவதே அதன் பெருங்குறையாக இருந்தது.

இரண்டாம் உலகப்போர் வேறொரு வழியைத் திறந்தது. விமானக் கைத்தொழிலில் வளர்ந்த கண்ணாடி இழையும் பொலியெஸ்ரர் பிசினும் போரின் பின் சந்தைக்கு வந்தன. எக்குவடோரிலிருந்து வந்த பல்சா மிக இலேசான மரமாயினும் நீரை உறிஞ்சுவது; பிசின் தோய்ந்த இழைத்துணியால் அதனைப் போர்த்தியதும் அக்குறை நீங்கிற்று. விமானத் தொழிற்சாலையிற் பணியாற்றிய பொப் சிமன்ஸ், விரைபடகுகளின் அடிப்பகுதி பற்றிய ஆய்வுகளைப் பலகைக்குப் பயன்படுத்தினார். 1947இல் ஜோ குவிக் ஓர் இளம்பெண்ணுக்கென இலேசான பலகையொன்றைச் செய்தார். அதனை இரவல் வாங்கிய ஆண்கள், தமது கனத்த பலகைகளை விட அது இலகுவாகத் திரும்புவதைக் கண்டனர். 30 இறாத்தல் அளவான ‘மலிபு’ப் பலகை இவ்வழியில் உருவாயிற்று. உடல்வலிமை மிக்க ஆண்களுக்கே உரியது என்றிருந்த கடலில் பெண்களுக்கும் இடம் விரிந்தது. மூலப்பொருளின் மாற்றம் உரிமையையும் விரிவாக்கிய தருணம் இதுவாகும்.

4. நுரையும் சந்தையும்

பல்சாவின் தரம் கட்டைக்குக் கட்டை வேறுபடும், வரத்தும் நிச்சயமற்றது. ‘கிட்ஜெட்’ திரைப்படம் 1959இல் வெளிவந்து அலைச்சறுக்கைப் பெருந்திரள் மோகமாக்கியபோது இக்குறைகள் பெரும் தடையாயிருந்திருக்கும். ஆனால் அதற்கு முன்னரே ஹோபி ஓல்ரரும் கோர்டன் கிளார்க்கும் 1958இல் பொலியூரித்தேன் நுரையை அச்சில் வார்க்கும் முறையைத் தொழிலாக்கியிருந்தனர். வார்த்த நுரைக்கட்டையை நடுவே பிளந்து, வலுவுக்காக மெல்லிய மரச்சட்டமொன்றை இடையில் வைத்து ஒட்டி, செதுக்கி, இழைத்துணியும் பிசினும் போர்த்துவதே இம்முறை.

ஒரே வகைக் கட்டை எல்லோருக்கும் கிடைத்தபோது வேறுபாடு செதுக்குபவரின் வடிவிலும், விற்பவரின் பெயரிலுமே தங்கியது. 1955இல் டேல் வெல்சி பல்சாவிற் செதுக்கிய ‘பிக்’ பலகையின் அகன்ற பகுதி நடுவுக்குப் பின்னே அமைந்தது. பின்காலை ஊன்றித் திருப்புவதற்கு அது உகந்தது. 1960களின் நடுப்பகுதியில் வந்த முன்முனைப் பலகைகளோ அகன்ற முனையையும் அதன் அடியிற் சிறு குழிவையும் கொண்டிருந்தன. வாலின்மீது நீர் பாய்ந்து அதனை அமிழ்த்திப் பிடிக்க, முனையின் விளிம்பில் ஒருவர் நிற்க முடிந்தது. 1963இல் ஹோபி நிறுவனம் பில் எட்வர்ட்ஸின் பெயரிலும், 1966இல் கிரெக் நோல் மிக்கி டோராவுக்காகவும் பலகைகளை வெளியிட்டனர். வீரரின் பெயரே பண்டமாயிற்று. 1967இன் பின் குறும்பலகை வந்து இவற்றை ஒதுக்கியது. 1980களில் நீள்பலகை மீண்டும் இடம்பிடித்தது.

1961இல் தொடங்கிய கிளார்க்கின் நுரைத் தொழிற்சாலை ஐக்கிய அமெரிக்காவுக்கு வேண்டிய கட்டைகளின் பெரும்பகுதியை வழங்கிவந்தது. 2005 டிசம்பர் 5ஆந் திகதி அது திடீரென மூடப்பட்டது. சூழற் கட்டுப்பாடுகளையும் முன்னாள் தொழிலாளர் சார்ந்த இழப்பீட்டுக் கோரிக்கைகளையும் உரிமையாளர் தமது கடிதத்திற் காரணங்களாகக் குறிப்பிட்டார். இந்நுரையின் மூலப்பொருள்களுள் ஒன்றான தொலுயீன் டைஐசோசயனேற்று மூச்சுவழி உட்செல்லின் ஆஸ்துமாவை விளைவிப்பது. பொலியெஸ்ரர் பிசினிலிருந்து எழும் ஸ்ரைரீன் ஆவியும் நலத்துக்குக் கேடானது. பலகையின் எடை குறைந்தபோது அச்சுமையில் ஒரு பங்கு தொழிலாளியின் நெஞ்சுக்கூட்டில் இறங்கியது என்பது மிகையன்று.

இதனைத் தொடர்ந்து விரிந்த பொலிஸ்ரைரீன் நுரையும் எப்பொக்சிப் பிசினும் கொண்ட பலகைகள் மேலும் பரவின. இவை இலேசானவை, எளிதில் நசுங்காதவை. ஆனால் காற்றடிக்கும் கடலிற் துள்ளும். ஆதலின் கனத்தின் உந்தலால் வழுக்கிச் செல்லும் பழைய நீள்பலகையின் சீரான ஓட்டத்தை விரும்புவோர் பொலியூரித்தேனை இன்னும் கைவிடவில்லை. தோல் உடைந்தால் பொலிஸ்ரைரீன் நீரை உட்கொள்ளும். எப்பொக்சியில் ஸ்ரைரீன் ஆவி இல்லையெனினும் அது தோல் ஒவ்வாமையை ஏற்படுத்தும். நுரையும் பெற்றோலியத்தின் வழிவந்ததே. அச்சில் வார்க்கப்படும் இத்தகைய பலகைகளுட் பல தாய்லாந்தின் சொன்புரியிலுள்ள கோப்ரா தொழிற்சாலையில் உருவாகி, வேறு நாடுகளின் வணிகப் பெயர்களோடு விற்கப்படுகின்றன. பெயர் செதுக்குபவருடையது, கை இன்னொருவருடையது.

5. முடிவுரை

மேற்கூறிய ஒப்பீட்டிலிருந்து இரு முடிவுகளைப் பெறலாம். முதலாவது, எல்லா வகையிலும் சிறந்த மூலப்பொருள் என ஒன்றில்லை. ரெட்வூட்டின் உறுதி, பல்சாவின் மிதப்பு, பொலியூரித்தேனின் சீர்மை, எப்பொக்சியின் வலு என ஒவ்வொன்றும் ஒரு குறையைத் தீர்த்து வேறொன்றைக் கொண்டுவந்தது. இரண்டாவது, நுரைப்பலகை கடலை முன்னெப்போதையும்விடப் பலருக்குத் திறந்துவிட்டது. அதே வேளை பலகை செய்பவரைப் பயன்படுத்துபவரின் பார்வையிலிருந்து மறைத்தும்விட்டது. இவ்விரண்டில் ஒன்றை மட்டும் கூறுவது அரைவரலாறாகும்.

கிளார்க்கின் தொழிற்சாலை மூடப்பட்ட அதே 2005இல், புதிதாக வந்த குளவியொன்று ஹவாயின் விலிவிலி மரங்களைத் தாக்கத் தொடங்கியது. விதைகளைச் சேமித்தும், 2008இல் அக்குளவிக்கு எதிரான வேறொரு குளவியை விடுவித்தும் அம்மரத்தைக் காக்க ஹவாயில் முயற்சி எடுக்கப்பட்டது. அருகிய மரத்தைப் பழைய பலகைக்காக இனி வெட்டுவதற்கில்லை. 2000களில் அவுஸ்திரேலியாவில் ரொம் வெகனர் பிஷப் அரும்பொருளகத்தின் அலாயாவை முன்மாதிரியாகக் கொண்டு பவுலோனியா மரத்திற் செதுக்கிய பலகைகள், பழைய அறிவு புதிய மரத்திலும் வாழக்கூடும் என்பதைக் காட்டுகின்றன.

இவ்வினாக்கள் ஹவாய்க்கு மட்டும் உரியனவல்ல. நீள்பலகையைப் போர்த்திய அதே கண்ணாடி இழையும் பொலியெஸ்ரர் பிசினும் இலங்கைக் கரையோரங்களில் மரவள்ளங்களின் இடத்தையும் பெருமளவிற் பிடித்துக்கொண்டன. வள்ளம் கட்டிய தச்சரின் அறிவு என்னவாயிற்று, படகுத் தொழிற்சாலையில் பிசின் பூசுபவர் எதனைச் சுவாசிக்கிறார் என்பன எமது ஆய்வாளர் கரையோரம் சென்று விடைகாண வேண்டியனவாகும்.