கருவறையின் ஒலியை அளப்பது

செஞ்சிப் பகுதியில் உள்ள மேல்சித்தாமூர் தமிழ்ச் சமணரின் தலைமை மடமான ஜினகாஞ்சி மடத்தின் ஊர். அங்கே மலைநாதர் கோயிலின் பாறையில் பாகுபலி, பார்சுவநாதர், ஆதிநாதர், மகாவீரர், தருமதேவி ஆகியோரின் உருவங்கள் இருக்கின்றன. அவற்றை 9ஆம் நூற்றாண்டுப் பணி என்பர். கல்வெட்டும் சிற்பமும் யார் செய்வித்தார், எப்போது என்று சொல்லும். அங்கு ஓதிய சொல் கேட்டவர் காதில் எப்படி விழுந்தது என்று அவை சொல்வதில்லை. அதற்குச் சான்று கட்டடம் மட்டுமே. அந்தச் சான்றைப் படிக்க ஒரு டிரான்சிஸ்டரும் கைப்பிடியளவு ரெசிஸ்டர்களும் கண்டென்சர்களும் இருந்தால் தொடங்கிவிடலாம் என்பதே என் வாதம்.

அறையின் ஒலியை அளக்கும் முறை 1895இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. புதிதாகக் கட்டிய விரிவுரை அறை ஒன்றில் பேச்சு புரியவில்லை. இயற்பியலாளர் வாலஸ் சபைன் ஊர் அடங்கிய இரவுகளில் ஆர்கன் குழலை ஒலித்து நிறுத்தி, ஒலி தேய்ந்து மறையும் நேரத்தைத் தன் காதையும் கடிகாரத்தையும் கொண்டு அளந்தார். அறையின் கன அளவு கூடினால் முழக்கம் நீளும், ஒலியை உறிஞ்சும் பரப்பு கூடினால் குறையும் என்று கண்டார்; அதுவே சபைன் சூத்திரம். உறிஞ்சலுக்கு அவர் கொண்ட அலகு திறந்த சன்னல்: அதன் வழியே போன ஒலி திரும்புவதில்லை. இந்த அலகு நம் கோயில்களுக்காகவே யோசித்ததுபோல் இருக்கிறது. கருங்கல் தன்மேல் படும் ஒலியில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கைத்தான் விழுங்கும். பக்கங்கள் திறந்த மண்டபமோ முக்கால்வாசியும் சன்னல். ஆகவே கல் என்றாலே முழங்கும் என்ற பொது எண்ணம் பாதி உண்மைதான். ஒலி தங்குமிடம் மூடிய கருவறை. இரண்டரை மீட்டர் இடைவெளியில் எதிரெதிரே நிற்கும் சுவர்களுக்கு நடுவே 69 ஹெர்ட்ஸிலும் 137 ஹெர்ட்ஸிலும் ஒலி வலுத்து நிற்கும். ஆண்குரலின் அடிச்சுருதி பெரும்பாலும் 100க்கும் 150க்கும் இடைப்பட்டது என்பதால், ஓதுபவர் குரலுக்கு அறையே துணை போகிறது.

கை தட்டிப் பார்த்தால் தெரியாதா என்று கேட்கலாம். தெரியாது; கைதட்டலில் கீழ்ச்சுருதி மிகக் குறைவு. எல்லா ஸ்தாயிகளிலும் சம ஆற்றல் கொண்ட ஒலி வேண்டும். அதுதான் பிங்க் நாய்ஸ். அதன் வரலாறு ஒரு குறையில் தொடங்குகிறது. 1925இல் ஜான்சன் என்ற ஆய்வாளர் வெற்றிடக் குழாய்களில் சுருதி இறங்க இறங்க வலுக்கும் இரைச்சலைக் கண்டார். அடுத்த ஆண்டு இயற்பியலாளர் ஷாட்கி அதை ஆராய்ந்தார். பொறியாளர்கள் ஒழிக்கப் பாடுபட்ட அதே வகை இரைச்சலைத்தான் இன்று வேண்டுமென்றே உண்டாக்குகிறோம். சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் பிசி547 டிரான்சிஸ்டரின் பேஸ், எமிட்டர் முனைகளைத் தலைகீழாக இணைத்து, கலெக்டரைச் சும்மா விட்டு, பெரிய ரெசிஸ்டர் வழியே 12 வோல்ட் கொடுத்தால் மின்னோட்டம் ஒழுங்கின்றித் தெறிக்கும். அது வெள்ளை இரைச்சல்; ஸ்தாயிக்கு ஸ்தாயி அதன் ஆற்றல் இரட்டிக்கும், அதாவது 3 டெசிபல் ஏறும். ஒற்றை ரெசிஸ்டர், கண்டென்சர் இணை 6 டெசிபல் இறக்கிவிடும். தேவை 3 மட்டுமே என்பதால் மூன்று நான்கு இணைகளைப் படிப்படியாக அமைத்துச் சரிவைத் தணிக்கிறார்கள். இந்தச் சுற்றின் நுட்பமெல்லாம் இந்த இடத்தில்தான். இப்படிக் கிடைக்கும் பிங்க் நாய்ஸைப் பெருக்கி ஸ்பீக்கரில் ஒலித்து, சட்டென்று நிறுத்தி, தேய்வைப் பதிவுசெய்து ஸ்தாயிவாரியாகப் பிரித்தால் சபைனின் கடிகாரம் தந்ததைவிடத் துல்லியமான எண்கள் கிடைக்கும்.

கணினியில் சுருதியை ஏற்றிச் செல்லும் புதிய முறை இதைவிட நுணுக்கமானது, அதை மறுக்கவில்லை. ஸ்தாயிகளை ஒப்பிடுவதற்கு இரைச்சலே போதும். வழிபாட்டு இடத்தில் இரைச்சலா என்ற தயக்கம் மதிக்கத்தக்கது. மடத்தின் இசைவோடு, கிராமத்து இரவின் அமைதியில், உரத்த பேச்சளவு ஒலித்தாலே அளந்துவிடலாம். இன்றைய ஒலி பழைய ஒலியாகுமா என்பதுதான் கனமான கேள்வி. ஆகாது. ஆனால் கருங்கல் தரைமேல் டைல்ஸ் பதித்தால் உறிஞ்சல் பெரிதாக மாறாது. திறந்த பக்கத்தைக் கண்ணாடியிட்டு அடைத்தால் அடியோடு மாறும். அளந்த எண்ணை வைத்து, அடைப்பு இல்லாத நிலையைச் சபைன் சூத்திரத்தால் ஏறத்தாழக் கணக்கிடலாம். எந்தக் கோயிலிலும் திருப்பணிக் குழுவினர் ஒரு மண்டபத்தை அடைக்கும்முன் ஒரு முறையும் அடைத்தபின் ஒரு முறையும் அளந்து, இரண்டு எண்களையும் திருப்பணிப் பதிவேட்டிலேயே எழுதி வைக்கலாம்.