பனிக்காலம் படகுக்குள் வந்த கதை

"அண்ணை, ஹீட்டர் வேலை செய்யேல்லை. புதுசு வாங்க வேணும் போல கிடக்கு" என்று நண்பர் தொலைபேசியில் சொன்னது மே மாதத்து ஒரு சனிக்கிழமை காலை. அவருடைய முப்பது அடிப் பாய்மரப் படகு, ஸ்காபறோக் குன்றுகளின் அடிவாரத்துப் படகுத்துறையில் இறங்கி நான்கு நாள்தான் ஆகியிருந்தது. அதற்கு முன் ஆறு மாதம் கரையில் தாங்குகட்டைகளின்மேல் நின்ற படகு. நான் போய், பின்பக்க இருக்கைப் பலகையைத் தூக்கி, உள்ளே கிடந்த சுடுதண்ணீர்த் தாங்கியை விரல்முட்டியால் தட்டிப் பார்த்தேன். வெறும் பானையைத் தட்டிய சத்தம் வந்தது.

"சுவிட்சை எப்ப போட்டனீர்?"

"விடியவே போட்டிட்டன். பிள்ளையள் வருவினம், சுடுதண்ணி இருக்கட்டுமெண்டு."

எனக்கு விடை தெரிந்துவிட்டது. அந்தத் தாங்கி 23 லீற்றர் கொள்ளும். அதன் வயிற்றுக்குள் 1500 வாற் எலிமென்ற் ஒன்று இருக்கிறது. சுற்றிலும் தண்ணீர் நின்றால் அந்தச் சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொள்ளும். தண்ணீர் இல்லையென்றால் சூடு போக வழியில்லாமல் எலிமென்ற் கொஞ்ச நேரத்திலேயே செந்தணலாகி வெடித்துவிடும். மீற்றரை வைத்துப் பார்த்தேன். 120 வோல்ற்றில் ஓடும் நல்ல எலிமென்ற் ஏறக்குறைய 10 ஓம் காட்ட வேண்டும். முள் அசையவே இல்லை.

தாங்கி ஏன் வெறுமையாகக் கிடந்தது? ஐப்பசியில் அவர் எல்லாவற்றையும் முறையாகவே செய்திருந்தார். தாங்கியை முழுவதும் வடித்து, அதன் வாசல் இரண்டையும் மூடி, குளிர்நீர்க் குழாயையும் சுடுநீர்க் குழாயையும் ஒரு சிறு துண்டுக் குழாயால் நேரே இணைத்து, உறையாத இளஞ்சிவப்புத் திரவத்தை அந்தக் குறுக்கு வழியாகப் படகெங்கும் ஓடவிட்டிருந்தார். வசந்தத்தில் அந்தக் குறுக்கு வழியை அடைத்துத் தாங்கியின் வால்வுகளைத் திறக்க மறந்துபோனார். கொடுமை என்னவென்றால், சுடுதண்ணீர்ப் பைப்பைத் திறந்தால் தண்ணீர் தாராளமாக வரும். குறுக்கு வழியால் வரும் பச்சைத் தண்ணீர் அது. வருவதைப் பார்த்தவர் தாங்கி நிறைந்துவிட்டது என்று நம்பிவிடுகிறார்.

முப்பது வருடத்துக்கு மேலாக ரொறன்ரோ அடுக்குமாடிகளின் பொயிலர் அறைகளில் வேலை செய்தவன் நான். இதே தவறை என் முதலாவது படகில் நானும் செய்திருக்கிறேன். ஒவ்வொரு வருடமும் சித்திரை கழிந்ததும் துறையில் யாராவது ஒருவருக்கு இது நடக்கிறது. வடமராட்சிக் கடற்கரையில் பிறந்து வளர்ந்த எனக்கு இதில் ஒரு விஷயம் நீண்டநாள் பிடிபடாமலே இருந்தது. கடலோடிக்குப் பருவகாலம் என்பது வெளியே இருக்கும் பகை. காற்று, அலை, பனிக்கட்டி எல்லாம் பலகைக்கு அந்தப் பக்கம். அது எப்போது பலகையைத் தாண்டி உள்ளே வந்து, பெருவிரல் பருமன் குழாய்க்குள் குடியேறியது?

கடலை மூடிவைக்கும் வழக்கம் மிகப் பழையது. கி.பி. 400ஐ ஒட்டி எழுதிய உரோம எழுத்தாளர் வெஜீஷியஸ், நவம்பர் 11 முதல் மார்ச் 10 வரை கடல் மூடியிருக்கும் என்று நாள் குறித்தே சொல்கிறார். திருத்தூதர் பவுலை உரோமுக்குக் கொண்டுபோன கப்பல் மால்ற்றாவில் உடைந்தபின், குளிர்காலத்தை அந்தத் தீவில் ஒதுங்கிக் கழித்த ஓர் அலெக்சாந்திரியக் கப்பலில்தான் மூன்று மாதம் பொறுத்து அவர் பயணத்தைத் தொடர்ந்தார் என்று விவிலியம் சொல்கிறது. பிற்காலத்தில் பால்டிக் கடலில் வணிகம் செய்த ஹன்சா நகரங்களும் அதே நவம்பர் 11இல் கப்பலைக் கட்டி, பெப்ரவரி 22வரை அவிழ்க்கக் கூடாதென்று விதி வைத்திருந்தன.

எங்கள் வடகடலுக்கும் மூடும் காலம் உண்டு. மாரியில் வாடைக்காற்று எழுந்துவிட்டால் வல்வெட்டித்துறைக் கரை முழுவதும் காற்றுக்கு முகம் கொடுத்தபடி கிடக்கும். கப்பலோட்டும் தண்டையலாக இருந்த என் பெரியையா மாரி முழுவதும் வீட்டில் இருப்பார். சும்மா இருக்கமாட்டார். கயிறு திரிப்பார், பாய் தைப்பார், பலகை இடுக்கை அடைக்கும் கலப்பற்றுக்குப் பஞ்சு முறுக்குவார். படகை ஓட்டுவதற்குச் சமமான வேலை அதைக் கட்டிவைப்பது என்பதை நான் அவரிடம் கண்டேன்.

அந்தக் கரையில் 1930இல் கட்டிய 'அன்னபூரணி' என்ற 89 அடிப் பாய்க்கப்பலை வில்லியம் அல்பேர்ட் றொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கி, 'புளோறன்ஸ் சி. றொபின்சன்' என்று பெயர் மாற்றினார். வல்வெட்டித்துறை மாலுமிகளே அதைச் சூயஸ் வழியாக அத்லாந்திக் தாண்டி ஓட்டிச் சென்றார்கள். 1938 ஆகஸ்ட் 1 அன்று மாசச்சூசெட்ஸின் குளொஸ்டர் துறைமுகத்தில் அது சேர்ந்தது. ஒரு நவம்பரில் நான் அந்தத் துறைமுகத்துக்குப் போயிருக்கிறேன். படகுகள் வெள்ளைப் பிளாஸ்ரிக் போர்வைக்குள் வரிசையாகக் கரையில் நின்றன. எங்கள் ஆட்கள் கோடையில் வந்தார்கள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

இங்கே ஒன்ராறியோ ஏரியின் நடுப்பகுதி பெரும்பாலும் உறைவதில்லை. 244 மீற்றர் ஆழம் அதற்குக் காவல். உறைவது துறைமுகங்களும் ஒதுக்குக் குடாக்களும்தான். அந்தக் காலத்தில் ரொறன்ரோ துறைமுகம் மார்கழியிலிருந்து பங்குனிவரை பூட்டிக் கிடக்கும். தானியம், மரம், நிலக்கரி ஏற்றும் பாய்க்கப்பல்கள் பாய் கழற்றிப் பனிக்குள் நிற்கும். போர்ட் கிரெடிற் பக்கத்தில் ஏரிக்கரையோரக் கல்லைக் கொக்கியால் இழுத்தெடுத்து நகரக் கட்டடங்களுக்கு விற்ற சிறு கப்பல்களும் அப்படியே. வசந்தத்தில் முதலில் நுழையும் கப்பலின் கப்டனுக்கு ஓர் உயரத் தொப்பி அணிவித்து மரியாதை செய்யும் வழக்கம் 1861இல் இந்தத் துறைமுகத்தில் தொடங்கி இன்றும் நடக்கிறது. ஒரு தொப்பிக்கு ஊரே கூடியது என்றால், அந்தக் கதவு திறப்பதற்கு அவர்கள் எவ்வளவு காத்திருந்திருப்பார்கள்!

அந்தக் கப்பல்களுக்குப் பனிக்காலம் தந்த நோய் பலகை நோய். கரையில் நின்ற மரம் காயும், சுருங்கும், பொருத்துவாய் பிளக்கும். வசந்தத்தில் பஞ்சு அடைத்து, மெழுகி, தண்ணீரில் இறக்கினாலும் ஒழுகும். ஆகவே இறக்கிய படகைப் பட்டைவாரில் தொங்கவிட்டபடியே ஓர் இரவோ இரண்டு இரவோ விட்டு, உள்ளே வரும் தண்ணீரை இறைத்துக்கொண்டிருப்பார்கள். பலகை ஊறி, உப்பி, தன்னைத்தானே இறுக்கிக்கொண்ட பிறகுதான் வாரை அவிழ்ப்பார்கள். உலர்ந்த மரம் தண்ணீரைக் குடித்துத் தன் காயத்தைத் தானே மூடுவதுபோல ஓர் அழகான பழுதுபார்ப்பை நான் வேறெங்கும் கண்டதில்லை.

உள்ளே உறைவதற்கு அந்தப் படகில் ஒன்றும் இருக்கவில்லை. குடிதண்ணீர் பீப்பாயில் இருக்கும். பின்பு சிறிய தாங்கியும் கைப்பம்பும் வந்தன. ஐப்பசியில் பீப்பாயைக் கவிழ்த்தால் முடிந்தது. பம்பைக் காற்று உறிஞ்சும்வரை அடித்தால் முடிந்தது. சுடுதண்ணீர் என்றால் அது அடுப்பில் ஏற்றிய கேத்தில்.

ஆச்சரியம் என்னவென்றால், அந்தக் காலத்தில் வீடுகளில் சுடுதண்ணீர் வேகமாக முன்னேறிக்கொண்டிருந்தது. 1868இல் லண்டனில் பெஞ்சமின் மோன் என்பவர் வாயு எரித்து ஓடும் தண்ணீரைச் சூடாக்கும் 'கீசர்' செய்தார். 1889இல் நோர்வேயிலிருந்து குடிபெயர்ந்து பிற்ஸ்பேர்க்கில் வாழ்ந்த எட்வின் ரூட், தானே பற்றித் தானே அணையும் சேமிப்பு ஹீட்டரை உருவாக்கினார். நான் சம்பளம் வாங்கிய அத்தனை பொயிலர் அறைகளுக்கும் அவர்தான் மூதாதை. ஆனால் படகு அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. படகுக்கு வந்தது 1892இல் ஸ்ரொக்ஹோமில் பிரான்ஸ் லிண்ட்குவிஸ்ற் செய்த பிறைமஸ் அடுப்பு. மண்ணெண்ணெயை அழுத்தத்தில் ஆவியாக்கி நீலச் சுவாலையாக எரிக்கும் அந்தப் பித்தளை அடுப்பை எங்கள் வீட்டுக் குசினியிலும் கண்டிருக்கிறேன். அதன் இரைச்சல் இன்னும் காதில் இருக்கிறது. உலகம் சுற்றிய எத்தனையோ சிறு பாய்மரப் படகுகளில் முகம் மழித்ததும் பாத்திரம் கழுவியதும் தேநீர் குடித்ததும் அப்படி ஓர் அடுப்பின் கேத்தில் தண்ணீரில்தான்.

மாறியது கண்ணாடி நார் வந்தபிறகு. 1959 ஜனவரியில் நியூயோர்க் படகுக் கண்காட்சியில் ஒன்றுவிட்ட சகோதரர்களான பியர்சன் இருவர் 'ற்றைற்றன்' என்ற 28 அடிக் கண்ணாடிநார்ப் படகை வைத்தார்கள். ஒரு குடும்பம் வாங்கக்கூடிய படகு. பத்து வருடம் கழித்து, 1969இல், நான்கு நிறுவனங்கள் சேர்ந்து இதே ஒன்ராறியோவில் 'சி அன்ட் சி' உருவானது. இந்த ஏரியில் இன்று மிதக்கும் பழைய படகுகளில் பாதிக்குப் பாதி அவர்கள் கட்டியதோ என்று எண்ணத் தோன்றும். கண்ணாடி நார் காயாது, சுருங்காது. பஞ்சும் பட்டைவாரும் இறைப்பும் ஒரே தலைமுறையில் மறைந்துபோயின. ஆயிரம் வருடத்துப் பலகை நோய் தீர்ந்தது.

அதே படகில் குடும்பமும் ஏறியது. குழந்தைகளும் பாட்டியும் வந்தபின் கேத்தில் போதவில்லை. மின்பம்பு வந்தது, பைப்பைத் திறந்தால் தண்ணீர் பாய்ந்தது, கூடவே சுடுதண்ணீர்த் தாங்கியும் வந்தது. அது இரண்டு வழியில் சூடாகும். துறையில் கட்டியிருந்தால் கரை மின்சாரம். ஏரியில் ஓடினால் எஞ்சின். டீசல் எஞ்சின் குடிக்கும் எண்ணெயின் சூட்டில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு குளிர்விக்கும் நீரோடு வீணாகப் போகிறது. 80 பாகை செல்சியஸுக்குக் கிட்டச் சுற்றும் அந்த நீரை ஒரு சுருள்குழாயால் தாங்கிக்குள் கொண்டுபோனால், அரை மணி நேர ஓட்டத்தில் தாங்கித் தண்ணீர் கை வைக்க முடியாதபடி சூடாகிவிடும். வீணாகப் போகும் சூட்டைப் பிடித்து வைப்பது பெரிய கெட்டித்தனம். பொயிலர்காரனாக நான் அதை வணங்குகிறேன்.

ஆனால் அந்த நாளிலிருந்து படகுக்குள் வளைந்து நெளிந்து பல மீற்றர் குழாய் ஓடுகிறது. ஒவ்வொரு வளைவிலும் வடியாத ஒரு மிடறு தண்ணீர் தங்கும். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 வீதம் விரியும். குழாய் வெடிப்பது பனிக்கட்டி பிடித்த இடத்தில்தான் என்று பலரும் தேடுவார்கள். நான் கட்டடங்களில் கண்டது வேறு. வளரும் கட்டி, தனக்கும் மூடிய வால்வுக்கும் இடையில் சிக்கிய தண்ணீரை நெரிக்கிறது. அந்த நெரிசல் ஆகப் பலவீனமான இடத்தைத் தேடிப் போகிறது. படகில் அது பெரும்பாலும் சுடுநீரையும் குளிர்நீரையும் கலக்கும் வால்வின் பிளாஸ்ரிக் உடல், அல்லது தண்ணீரைப் பின்வாங்கவிடாத குட்டி வால்வு. மயிரிழை போன்ற வெடிப்பு. பைப் எல்லாவற்றையும் மூடியபின்னும் பம்பு ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை உறுமினால் அப்படி ஒன்று எங்கோ இருக்கிறது. நான் எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு, பம்பின் சத்தத்தை எண்ணிக்கொண்டு உட்காருவேன்.

இளஞ்சிவப்புத் திரவம் இதற்காக வந்தது. அது புரோப்பிலீன் கிளைக்கோல், குடிதண்ணீர்க் குழாயில் விடக்கூடியது. காரின் ரேடியேற்றரில் விடும் எத்திலீன் கிளைக்கோல் இனிப்பான நஞ்சு. அதைப் படகின் தண்ணீர்க் குழாயருகே கொண்டுபோகவே கூடாது. இந்த ஒரு விஷயத்தில் நான் இளையவர்களிடம் குரலை உயர்த்திப் பேசுவேன். தாங்கிக்குள் இளஞ்சிவப்பையும் விடுவதில்லை. 23 லீற்றரை நிரப்பினால் வசந்தத்தில் அதன் வாடையும் நுரையும் வாரக்கணக்கில் போகாது. அதனால் தாங்கியை வெறுமையாக்கிக் குறுக்கு வழி போடுகிறோம். அந்தக் குறுக்கு வழியை வைகாசியில் மறந்துவிடுகிறோம்.

நண்பரின் படகுக்குத் திரும்புகிறேன். புது எலிமென்ற் போட ஒரு மணி நேரம் ஆனது. பழையதைக் கழற்றியபோது அதன் செப்புத்தோல் முருங்கைக்காய் முற்றி வெடித்ததுபோலப் பிளந்திருந்தது. குறுக்கு வழியை அடைத்து, வால்வு இரண்டையும் திறந்து, சுடுதண்ணீர்ப் பைப்பைத் திறந்துவைத்தோம். முதலில் ஒன்றுமில்லை. பிறகு காற்று சீறியது, தண்ணீர் துப்பியது, இருமியது, கடைசியில் ஒரே நூலாக ஓடியது. அதற்குப் பிறகும் ஐந்து நிமிடம் ஓடவிட்டேன். பிறகுதான் மின்சாரம்.

எஞ்சின் பக்கத்தையும் பார்க்க வேண்டியிருந்தது. எஞ்சினை ஓட்டிவிட்டு, தாங்கிக்குப் போகும் குழாயை ஒரு கையிலும் திரும்பி வரும் குழாயை மறு கையிலும் பிடித்தேன். போவது சுட்டது, வருவது ஏரியைப்போலக் குளிர்ந்தது. கரையில் நின்றபோது அவர் குளிர்விக்கும் திரவத்தை மாற்றியிருக்கிறார். உயரமான வளைவில் காற்று அடைபட்டு நிற்கிறது. குழாயின் கவ்வியைத் தளர்த்தி, வளைவை மெல்ல உயர்த்திப் பிடித்தேன். குமிழிகள் விட்டுவிட்டு வெளியேறின.

"அண்ணை, இன்னும் எவ்வளவு நேரம்?"

"பொறும். உம்மடை கையைத் தாரும்."

அவருடைய கையை எடுத்துத் திரும்பி வரும் குழாயின்மேல் வைத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தார். பிறகு முகம் மாறியது. தோலுக்குக் கீழே நாடி ஓடுவதுபோலச் சூடு அந்தக் கறுப்புக் குழாயில் அங்குலம் அங்குலமாக ஏறி வந்துகொண்டிருந்தது. மேலே தட்டில் பிள்ளைகள் வந்துசேர்ந்த சத்தம் கேட்டது.