பழைய வண்டியும் பழகும் கைகளும்

ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும் என்பது தமிழ்ப் பழமொழி. மாட்டுக்கென்று முன்னோர் சொன்ன இம்மொழி மோட்டார் வண்டிக்கும் பொருந்தும் என்பதைப் பழைய கார் ஒன்றோடு பழகியவர்கள் அறிவார்கள். அதன் குணமறிந்து நடத்துகிறவனுக்கு அது உழைக்கும்; குணமறியாதவனை நடு வழியில் நிறுத்திவிடும்.

இலங்கையின் பாதைகளில் மொறிஸ் மைனர், ஒஸ்டின் முதலிய பழைய கார்கள் இன்றும் ஓடுவதை நேயர்கள் கண்டிருப்பார்கள். அவற்றைச் செய்த ஆலைகள் அந்த வண்டிகளைச் செய்வதை நிறுத்தி அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. ஆனாலும் அவை எவ்வாறு ஓடுகின்றன? இவ்வினாவுக்கு விடை வேண்டுமாயின், அவற்றைத் திருத்திய கைகளின் வரலாற்றை நோக்க வேண்டும். அது பெரும்பாலும் தந்தை கையிலிருந்து மகன் கைக்கு வந்த ஒரு வித்தையின் வரலாறாகும்.

பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து மோட்டார் வண்டியைத் திருத்துவது புதிய வழக்கமன்று. மோட்டார் வண்டிக்கு என்ன வயதோ, ஏறத்தாழ அதே வயது அவ்வழக்கத்துக்கும் உண்டு. 1888ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், ஜெர்மனியின் மன்ஹைம் நகரிலிருந்து பேர்த்தா பென்ஸ் என்னும் அம்மையார், தம் கணவர் கார்ல் பென்ஸ் செய்த மூன்று சில்லு மோட்டார் வண்டியில், அவருக்கு முன்னறிவிப்பு எதுவும் இன்றிப் புறப்பட்டார். உடன் சென்றவர்கள் அவருடைய புதல்வர்களான ஒய்கன், ரிச்சர்ட் ஆகிய இருவர். மூத்தவனுக்கு வயது 15, இளையவனுக்கு வயது 13. அம்மையாரின் தாய்வீடு இருந்த போர்ட்ஸ்ஹைம் நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவில் இருந்தது. வழியில் எரிபொருள் தீர்ந்தது. வீஸ்லொக் என்னும் ஊரில் ஒரு மருந்துக்கடையில் லிக்ரோயின் வாங்கி ஊற்றினார்கள். எரிபொருட் குழாய் அடைத்துக்கொண்டது. அம்மையார் தம் தொப்பியின் ஊசியால் அடைப்பை நீக்கினார். பிரேக்கு கட்டைகள் தேய்ந்தன. செருப்புத் தைப்பவர் ஒருவரைக் கொண்டு அவற்றுக்குத் தோல் அடிக்கச் செய்தார். மேட்டில் ஏற வண்டிக்கு வலுப் போதாதபோது பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள். மேடேறுதற்கு இன்னும் ஒரு பற்சக்கர நிலை வேண்டும் என்று திரும்பி வந்து கணவருக்குச் சொன்னதும் அம்மையாரே. உலகின் முதல் நெடும் மோட்டார்ப் பயணத்தைத் தாயும் பதின்ம வயது மைந்தர்களும் பழுது பார்த்துக்கொண்டே முடித்தார்கள்.

அத்தகைய அனுபவம் இலங்கைக்கு வர நெடுங்காலம் செல்லவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே கொழும்பில் மோட்டார் வண்டிகள் ஓடத் தொடங்கின. கார் உடையோரின் சங்கம் 1904ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. கொழும்பை விட்டால் கார்கள் விரைவில் சென்று சேர்ந்த இடங்கள் தோட்டப் பகுதிகளாகும். தொழிற்சாலைக்கும் பங்களாவுக்கும் நகரத்து வங்கிக்கும் இடையே பல மைல் மலைப்பாதை கிடந்தமையால், தோட்டத்துரைக்குக் குதிரையின் இடத்தைக் கார் பிடித்துக்கொண்டது.

சப்பிரகமுவ மாகாணத்தில் இத்தேவை இன்னும் மிகுதி. இரத்தினபுரி வழியாக ஓப்பநாயக்க வரை ஒரு குறுகிய ரயில்பாதை சென்றது. அதுவும் 1970களில் மூடப்பட்டது. அதற்கு அப்பால் பாதையே கதி. பெல்மதுளையிலிருந்து காவத்தை, கொடகவெல வழியாக எம்பிலிப்பிட்டிய நோக்கி இறங்கும் பெருவீதியைக் கண்டவர்கள் இதை உணர்வார்கள். ஒரு புறம் இறக்குவானை மலைகளின் தேயிலை, மறு புறம் தாழ்நிலத்து இறப்பர், அப்பால் வளவை கங்கைச் சமவெளியின் வெயில். இந்த மூன்று நிலங்களுக்கும் நடுவே அமைந்த கொடகவெலயில் வண்டி நின்றுவிட்டால் வாழ்க்கையும் நின்றுவிடும். ஆகவே, வண்டி திருத்துகிறவனுக்கு அங்கு என்றும் மதிப்பு உண்டு.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இப்பாதைகளுக்கு வந்த கார்களுள் மக்கள் மனத்தில் நிலைத்தது மொறிஸ் மைனர். சிமிர்னா நகரில் 1906இல் பிறந்த அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் அதை வகுத்தார். வண்டியின் அகலம் கண்ணுக்குப் போதாததாகத் தோன்றவே, மாதிரி வண்டியை நெடுகிலும் இரண்டாக அறுத்து, பாதிகளை விலக்கி வைத்துப் பார்த்து, நான்கு அங்குலம் கூட்டினாராம். 1948இல் லண்டன் கண்காட்சியில் அது வெளிவந்தது. 1960ஆம் ஆண்டு முடிவில் பத்து இலட்சமாவது வண்டி ஆலையை விட்டு வெளியேறியது. பத்து இலட்சம் எண்ணிக்கையை எட்டிய முதல் பிரித்தானியக் கார் அதுவே. 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றபோது மொத்தத் தொகை 16 இலட்சத்தை எட்டியிருந்தது.

அது ஆடம்பர வண்டியன்று. ஆசிரியரும் மருத்துவரும் தோட்டத்துக் கிளாக்கரும் வாங்க ஆசைப்பட்ட வண்டி அது. அதன் பெருஞ்சிறப்பு, திறந்து பார்த்தால் புரியக்கூடியதாக இருந்தமையே. முன்மூடியைத் தூக்கினால் யந்திரத்தின் உறுப்புக்கள் எல்லாம் கைக்கு எட்டும். நான்கைந்து சாவிகளும் ஒரு திருப்புளியும் உள்ள எவனும் அதன் பாதிப் பழுதுகளைத் தானே நீக்கலாம்.

1960களின் தொடக்கத்தில் நாட்டில் அந்நியச் செலாவணி அருகியது. கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இல் பொருளாதாரக் கொள்கை மாறும் வரை, நாட்டில் உள்ள கார்களே நாட்டுக்குரிய கார்கள் என்னும் நிலை நிலவியது. உதிரிப்பாகம் ஒன்று உடைந்தால் புதியது வருவது அரிது. அப்போதுதான் சிறு பட்டறைகள் தலையெடுத்தன. தேய்ந்த உறுப்புக்குக் கடைசல் இயந்திரத்தில் புதிய உறுப்புக் கடையப்பட்டது. துருப்பிடித்த தகட்டை வெட்டி எறிந்து, தகர வேலை தெரிந்த பாஸ்மார் புதிய தகடு ஒட்டினார்கள். கழித்துவிட வேண்டிய வண்டி என்று ஒன்று நாட்டில் இல்லாதொழிந்தது.

ஆயினும் கவனிப்பாரின்றிக் கிடந்த வண்டிகள் பல. 1972இல் தனியார் வசமிருந்த பெருநிலங்களும், 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. துரைமார் பலர் நாடு திரும்பினார்கள். உரியவர் போன பின் கொட்டகையில் கிடந்த காரின் மேல் இரத்தினபுரி மாவட்டத்தின் மழை தன் வேலையைக் காட்டும். அம்மாவட்டத்தின் ஈரநிலப் பகுதிகளில் ஆண்டுக்கு மூவாயிரம் மில்லிமீட்டருக்கும் மேலாக மழை பெய்யும். மொறிஸ் மைனருக்குத் தனியான அடிச்சட்டம் இல்லை; உடலே சட்டம். ஆகவே தளத்தில் துரு ஏறுவது வெறும் அழகுக் குறைவன்று. வண்டியின் முதுகெலும்பே அரிக்கப்படுவதாகும்.

அத்தகைய வண்டியை எழுப்ப முற்படும் தந்தையும் மகனும் எங்கிருந்து தொடங்குவார்கள்? இளைஞனின் ஆசை உடனே யந்திரத்தை முடுக்கிப் பார்க்கச் சொல்லும். அறிந்த தந்தை தடுப்பார். ஆண்டுக்கணக்கில் நின்ற யந்திரத்தில் பிஸ்டன்கள் உருளைகளோடு ஒட்டியிருக்கக்கூடும். நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வோர் உருளையிலும் சிறிது எண்ணெய் விட்டு, சில நாள் பொறுத்திருக்க வேண்டும். பின்னர் முன்புறத்துத் துளையில் கைக்கம்பியைச் செருகி மெல்லச் சுற்ற வேண்டும். முதற் பாடம் பொறுமை.

இரண்டாவது பாடம் கைக்கம்பியிலேயே இருக்கிறது. யந்திரம் பற்றும்போது கம்பி எதிர்த்திசையில் உதைப்பதுண்டு. பெருவிரலை மறுபுறம் வளைத்துப் பிடித்தவனின் விரல் முறியும். “பெருவிரலையும் மற்ற விரலோட சேர்த்துப் பிடி மகன்” என்னும் தந்தையின் சொல்லில், ஒரு தலைமுறையின் காயங்கள் அடங்கியிருக்கின்றன. எந்த நூலிலும் படித்து மறக்கலாம். அருகில் நின்று சொல்லப்பட்டதை மறப்பது அரிது.

பிறகு ஒவ்வொன்றாக வேலை நீளும். பழைய பெற்றோல் தாங்கியில் துருவும் பிசினும் படிந்திருக்கும், கழுவ வேண்டும். பெற்றோலை இழுத்துத் தரும் மின்பம்பி, சாவி திருப்பியதும் டிக் டிக் என்று ஒலிக்க வேண்டும். நெடுநாள் கிடந்தால் அதன் தொடுமுனைகள் கறுத்து மௌனமாகிவிடும். மெல்லத் தட்டினால் சில வேளை பேசத் தொடங்கும். இவ்வண்டிகளுட் பெரும்பாலானவற்றில் பற்றரியின் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். இக்காலத்து வழக்கப்படி எதிர்முனையை இணைக்கும் இளைஞன் மின்கருவிகளைக் கெடுத்துவிடுவான். பிரேக்கின் தலைமை உருளை தரைக்குக் கீழே, எளிதில் எட்டாத இடத்தில் இருப்பதால் சோம்பலுள்ளவன் அதைப் பார்க்காமலே விடுவான். ஓடுவதைவிட நிற்பது முக்கியம் என்பதை அவன் பின்னர் கற்க நேரிடும்.

எல்லாவற்றிலும் பெரிய எச்சரிக்கை முன்சில்லுகளைத் தாங்கும் திருகு மூட்டுக்களைப் பற்றியது. ஆயிரம் மைலுக்கு ஒரு முறையேனும் அவற்றுக்குக் கிறீஸ் ஊட்ட வேண்டும். ஊட்டாது விட்டால் புரிகள் தேய்ந்து, ஒருநாள் மூட்டுக் கழன்று, சில்லு மடிந்து, வண்டி பாதையில் விழுந்துவிடும். யந்திரம் இனிமையாக ஓடுகிறது என்று மகிழ்ந்து, இம்மூட்டைப் பாராமல் மலைப்பாதையில் இறங்குவது உயிரோடு விளையாடுவதாகும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் செய்யும் வேலையே நேர்மையான வேலை என்பதை இதைவிடத் தெளிவாகப் பிள்ளைக்கு உணர்த்தும் பாடம் கிடைப்பது கடினம்.

தோளுக்கு மிஞ்சினால் தோழன் என்பார்கள். பதினைந்து பதினாறு வயதில் பிள்ளை தந்தையின் முகம் பார்த்துப் பேசக் கூசுவான். தந்தைக்கும் அறிவுரையன்றி வேறு பேச்சு வராது. ஆனால் ஒரே முன்மூடியின் கீழ் குனிந்து நிற்கும்போது இருவரும் யந்திரத்தைப் பார்த்துப் பேசுகிறார்கள். அங்கே கேள்வி இயல்பாக எழுகிறது. சிறிய துளைக்குள் செல்லும் மெல்லிய விரல் மகனுடையது. அந்த விரலுக்கு வழி சொல்லும் நினைவு தந்தையுடையது. ஒருவரின்றி மற்றவரால் இயலாத நிலை அங்கு உண்டாகிறது.

தோட்டத்துத் தமிழ் மக்களுக்கு இவ்வித்தை பொழுதுபோக்காக வாய்த்ததன்று. லயத்தில் பிறந்த பிள்ளை வயது வந்ததும் தோட்டத்தில் பேர் பதிவதே நெடுங்கால வழக்கம். சொந்த நிலம் இல்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் குடியுரிமையும் பெரும்பாலோருக்கு இல்லை. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கும், 3 இலட்சம் பேர் இலங்கைக்கும் உரியவர் என வகுத்தது. எஞ்சியோரின் குடியுரிமைச் சிக்கல் முற்றாகத் தீரச் சட்டம் பிறந்தது 2003இல். அத்தனை ஆண்டுகளிலும் நிலமும் பத்திரமும் இல்லாதவனிடமிருந்து எவரும் பறிக்க முடியாத சொத்து ஒன்று உண்டெனில், அது கைத்தொழிலே. தோட்டத்து லொறி ஓட்டியவர், தொழிற்சாலை யந்திரத்தைக் கவனித்தவர், தம் மகனைக் கொழுந்துக் கணக்கில் பேர் பதியாமல் பட்டறைக்கு அனுப்பினாராயின், அவனுக்கு வேறொரு வாசலைத் திறந்துவிட்டார் என்பது பொருள். கடல் கடந்து தமிழகம் சென்றவனுக்கும் அந்த வித்தை உடன் சென்றது.

பழைய வண்டியில் தொடங்கிய வாழ்வு எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்குத் தமிழகமும் சான்று தரும். கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு இளைஞராயிருந்தபோது ஆங்கில அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்தார். உணவுவிடுதியில் வேலை செய்து பணம் சேர்த்து அதை வாங்கினார். பாகம் பாகமாகப் பிரித்து, மீண்டும் பூட்டிக் கற்றார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பஸ் ஓட்டத் தொடங்கியவர், பின்னர் பெரும் போக்குவரத்து நிறுவனத்தையும் பல தொழில்களையும் உருவாக்கினார்.

இலங்கைக் கைகளின் திறமை வெளிநாட்டுக்கும் தெரிந்தது. இங்கிலாந்தின் பாத் நகரில் பழைய மொறிஸ் மைனர்களைப் புதுக்கி வந்த சார்ள்ஸ் வெயர் என்பவர், 1991இல் இலங்கையர் தனபால சமரசேகரவுடன் சேர்ந்து, அவ்வண்டிக்கான பாகங்களை இலங்கையிலேயே செய்ய ஒரு நிறுவனம் தொடங்கினார். பிரித்தானியா செய்து மறந்த வண்டிக்கு இலங்கை பாகம் செய்து அனுப்பிய விந்தை அது.

1977க்குப் பின் யப்பானியக் கார்கள் பெருகின. பழைய வண்டிகள் பின்தள்ளப்பட்டன. 2020 மார்ச் மாதத்தில் மீண்டும் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 தொடக்கத்திலேயே தனியார் கார்களுக்கு வழி திறந்தபோது, இடைப்பட்ட ஆண்டுகளில் பழுது பார்க்கத் தெரிந்தவரின் அருமையை நாடு மறுபடியும் உணர்ந்தது. ஆனால் இன்றைய வண்டியின் குறையைக் கணினிக் கருவியே கூறுகிறது. கெட்ட பெட்டியைக் கழற்றி வேறு பெட்டி பூட்டுவதே திருத்தம் ஆகிவிட்டது. காதால் கேட்டு, விரலால் தடவி, மணத்தால் அறிந்து குறை காணும் வித்தை கற்க இன்றைய இளைஞனுக்கு இடம் குறைந்து வருகிறது.

அதனால்தான் கொட்டகையில் கிடக்கும் பழைய கார் ஒரு பள்ளிக்கூடம் ஆகிறது. அதை மகனோடும், பேர்த்தா அம்மையாரை நினைத்து மகளோடும், திறந்து பார்க்கும் பெற்றோர் செலவழிப்பது சில ஞாயிற்றுக்கிழமைகளே. வண்டி ஓடினால் நன்று. ஓடாவிடினும், கெட்டதை எறியுமுன் திறந்து பார்க்க வேண்டும் என்னும் பழக்கம் பிள்ளையிடம் தங்கிவிடும். மழை மிகுந்த கொடகவெலப் பாதையில், உதவிக்கு எவரும் இல்லாத ஓர் இரவில் வண்டி நின்றுபோனால், அப்பழக்கமே அவனுக்குத் துணை நிற்கும்.