கடைசி நூறு மீட்டர்

"ஒரு ஃப்ளாட்டுக்கு நெட் கனெக்‌ஷன் போட எதுக்கு இத்தனை ஆராய்ச்சி?" என்று தங்கமணி கேட்டாள். நியாயமான கேள்விதான். போன மாதம் புனேவில் வாகட் பக்கம் புது ஃப்ளாட்டுக்குக் குடி வந்தோம். பால், கேஸ், வேலைக்கு ஆள் எல்லாம் இரண்டே நாளில் முடிந்தது. நெட்டுக்கு மட்டும் அடியேன் பதினோரு நாள் எடுத்துக்கொண்டேன்.

மூன்று கம்பெனிகளிலிருந்து கலர் கலராய் நோட்டீஸோடு பையன்கள் வந்தார்கள். ஒருத்தர் 100 எம்பிபிஎஸ் என்றார், அடுத்தவர் 200, மூன்றாமவர் 300. கூடவே சினிமா பார்க்க ஏதேதோ இலவசம். நான் மூன்று பேரிடமும் ஒரே கேள்விதான் கேட்டேன். "மொட்டை மாடியிலிருந்து என் ஹால் வரைக்கும் வரப்போவது எந்த ஒயர்?" மூன்று பேரும் ஒரே மாதிரி முழித்தார்கள் :-)

அந்தக் கேள்விக்குப் பின்னால் எங்கள் வீட்டில் மூன்று தலைமுறைக் கதை இருக்கிறது. கொசுவத்திச் சுருளைச் சுற்றிக்கொள்கிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1981-ல் தாத்தா அம்பாசமுத்திரத்தில் தவறிப்போனார். அப்பா அப்போது பிலாய் உருக்காலையில் வேலை. ஊரிலிருந்து தந்தி அடித்தார்கள். ஆயிரம் மைல் தாண்டி அது அன்றைக்குச் சாயங்காலமே பிலாய் வந்துவிட்டது. ஆனால் தந்தி ஆபீசிலிருந்து எங்கள் செக்டர் குவார்ட்டர்சுக்கு சைக்கிளில் வந்து சேர மறுநாள் காலை ஆகிவிட்டது. அப்பா ரயில் ஏறி ஊர் போனபோது எல்லாம் முடிந்து மூன்றாம் நாள். "ஆயிரம் மைல் சாயங்காலத்துக்குள்ள வந்துச்சு, மூணு மைலுக்கு ஒரு ராத்திரி ஆச்சு" என்று அப்பா பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தத் தந்தி சர்வீசே 2013 ஜூலை 14 ராத்திரியோடு மூடப்பட்டுவிட்டது.

இந்தியாவில் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வந்தது 1882 ஜனவரியில். கல்கத்தா, பம்பாய், மெட்ராஸ் மூன்று ஊர்களிலும். கல்கத்தாவில் அப்போது மொத்தம் 93 பேர் போன் வைத்திருந்தார்கள். ஆபரேட்டர் இல்லாமல் நேரடியாக வெளியூருக்கு டயல் செய்யும் எஸ்.டி.டி. வசதி 1960-ல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் நடுவே முதலில் வந்தது. மற்ற ஊர்க்காரர்கள் எல்லாம் டிரங்க் கால் புக் பண்ணிவிட்டுப் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த காலம் அது. ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று அதிலும் மூன்று ஜாதி!

அப்பா ரிட்டயர் ஆகி ஊர் திரும்பினார். 1991-ல் போனுக்கு எழுதிப் போட்டார். வந்தது 1996-ல். ஐந்து வருஷம். இதில் வேடிக்கை என்னவென்றால், எக்ஸ்சேஞ்சில் இடம் இல்லாமல் இல்லை. 1984-ல் சி-டாட் தொடங்கி, 1986-ல் கர்நாடகத்தின் கிட்டூரில் நம் ஊர் வெயிலையும் தூசியையும் தாங்கும் 128 லைன் கிராமத்து எக்ஸ்சேஞ்சை நிறுவிக் காட்டியிருந்தார்கள். அந்த வகை எக்ஸ்சேஞ்சுகள் நாடு முழுக்கப் பரவிக்கொண்டிருந்தன. அப்பா ஒவ்வொரு முறை போய்க் கேட்டபோதும் கிடைத்த பதில், "நம்பர் இருக்கு சார், உங்க தெருவுக்குக் கேபிள் பேர் இல்லை." மறுபடியும் அதே கதைதான். ஊர் வரை வந்தது, தெருவுக்கு வரவில்லை.

நான் 1998-ல் புனே வந்தேன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மஞ்சள் போர்டு போட்ட எஸ்.டி.டி. பூத் வாசலில் க்யூ. ராத்திரி ஏற ஏற கட்டணம் குறையும் என்பதால் பேச்சிலர் பசங்க எல்லாம் சாப்பிட்டுவிட்டுத்தான் வருவோம். சுவரில் சிவப்பு எழுத்தில் ஓடும் மீட்டரைப் பார்த்துக்கொண்டே அம்மாவிடம் "நல்லா இருக்கேம்மா" என்று சொல்வது ஒரு தனிக் கலை.

இன்டர்நெட் கதையும் அதே பாதைதான். 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டது. 9.6 கேபிபிஎஸ் வேகத்தில் 250 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய். 1998 நவம்பரில் தனியாரையும் உள்ளே விட்டார்கள். மோடம் கீச்சிட்டுக் கனைத்து லைன் கிடைத்தால் அன்றைக்குத் தீபாவளி. ஆனால் நெட்டில் இருக்கும் வரை ஊரிலிருந்து யாரும் கூப்பிட முடியாது.

2004 அக்டோபரில் அரசாங்கம் பிராட்பேண்ட் கொள்கை வெளியிட்டது. 256 கேபிபிஎஸ் இருந்தாலே பிராட்பேண்ட் என்று இலக்கணம். (2013-ல் அது 512 ஆகி, 2023-ல்தான் 2 எம்பிபிஎஸ் ஆனது.) அதே பழைய டெலிபோன் செம்புக் கம்பியில் நெட் வந்தது. பி.எஸ்.என்.எல். பிளானில் விடிகாலை 2 மணியிலிருந்து 8 மணி வரை அன்லிமிடெட் என்பதற்காக அலாரம் வைத்து எழுந்து டவுன்லோட் போட்டவர்கள் கையைத் தூக்குங்கள்! ஆனால் செம்பில் எக்ஸ்சேஞ்சிலிருந்து வீடு தள்ளிப்போகப் போக வேகம் தேயும். மழைக்காலத்தில் ஜாயின்ட்டில் தண்ணீர் இறங்கினால் போனில் கரகர, நெட்டில் பூஜ்யம். வேறு வழி, கேபிள் டிவிக்காரர் மொட்டை மாடிக்கு மொட்டை மாடி இழுத்துக் கொடுத்த நீல ஒயர். காக்கா உட்கார்ந்தாலும் கட்.

இந்த இடத்தில் புனேக்கு ஒரு பெருமை. இந்தியாவில் முதன்முதலாக இரண்டு டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளைக் கண்ணாடி இழையால் இணைத்தது இந்த ஊரில்தான், 1979-ல். வளைந்த கண்ணாடி இழைக் கற்றைக்குள் ஒளியைச் செலுத்திப் படத்தை அனுப்பலாம் என்று 1954-ல் லண்டனில் காட்டியவர்களில் ஒருவர் பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரீந்தர் சிங் கபானி. கண்ணாடியைச் சுத்தம் செய்தால் வெகுதூரம் செய்தி அனுப்பலாம் என்று 1966-ல் சொன்ன சார்லஸ் காவோவுக்கு 2009-ல் நோபல் கிடைத்தது. ஆக, இந்த ஊர் மண்ணுக்கு அடியில் 1979-லேயே கண்ணாடி இழை இருந்தது. அது என் ஹாலுக்கு வர நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. இடையில் நான் 'ஃபைபர்' என்று நம்பிப் பணம் கட்டிக்கொண்டிருந்தது வேறு ஒன்று. அது தெரியவந்த நாள் 2020 ஜூன் 3.

முந்தின நாள் ராத்திரி அப்பா போய்விட்டார். வயது 87. விமானங்கள் மே 25 முதல் மறுபடி ஓட ஆரம்பித்திருந்தன. ஆனால் மகாராஷ்டிராவிலிருந்து போகிறவனுக்கு இ-பாஸ் வேண்டும், போய் இறங்கினால் தனிமைப்படுத்தல். உடலை வைத்துக்கொண்டு காத்திருக்க முடியாது. சித்தப்பா பையன் கொள்ளி வைப்பது, நான் வீடியோவில் பார்ப்பது என்று முடிவானது.

அன்றைக்குத்தான் நிசர்கா புயல் அலிபாக் அருகே கரையைக் கடந்தது. புனேயிலும் பேய்க்காற்று, மரங்கள் சாய்ந்தன. கரண்ட் போனது. ஊரில் வாய்க்கரிசி போட ஆரம்பித்திருந்தார்கள். யாரோ ஒருவர் கை அப்பா முகத்துக்கு மேலே இருக்கும்போது படம் நின்றது. மொபைலை எடுத்தால் ஒரே ஒரு கோடு, அதுவும் வந்து வந்து போனது. பத்து மாடி படியில் இறங்கி மழையில் கேட் வரை ஓடி லைன் பிடித்தபோது, அங்கே எல்லாரும் குளிக்கக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு நாள் கழித்து வந்த லைன்மேனிடம் கேட்டேன். "லைட் நஹி தா சாப்" என்றார். (இங்கே கரண்டுக்குப் பேர் லைட்.) மொட்டை மாடிக்குக் கூட்டிப் போய்க் காட்டினார். தெருவிலிருந்து மாடி வரை கண்ணாடி இழைதான். அங்கே ஒரு தகரப் பெட்டிக்குள் ஒரு ஸ்விட்ச். அதிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் சாதாரண லேன் ஒயர், நூறு மீட்டருக்கு மேல் போகாத செம்பு. அந்த ஸ்விட்ச் ஓடக் கரண்ட் வேண்டும். சொசைட்டி ஜெனரேட்டர் லிஃப்டுக்கு உண்டு, வராந்தா லைட்டுக்கு உண்டு, அந்தப் பெட்டிக்குக் கிடையாது. என் வீட்டு ரவுட்டருக்கு இன்வெர்ட்டர் இருந்து என்ன பயன்?

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. கேட்காதது நான். தாத்தாவுக்கு அப்பா போய்ச் சேரவில்லை, அப்பாவுக்கு நான் போய்ச் சேரவில்லை. நடுவில் 39 வருஷம். இரண்டு தடவையும் நெடுந்தூரம் ஒழுங்காக வேலை செய்தது. காலை வாரியது கடைசித் துண்டு.

சரி, இந்தத் தடவை நான் பார்த்தவை இவை. உங்களுக்கும் உதவலாம்.

முதலாவது, இழை வீட்டுக்குள்ளேயே வருகிறதா? வந்தால் சுவரில் ஓ.என்.டி. என்ற சின்னப் பெட்டி மாட்டுவார்கள். வழியில் இழையைப் பிரித்துக் கொடுக்கும் ஸ்ப்ளிட்டருக்குக் கரண்டே வேண்டாம். தெரு இருண்டாலும் அது பாட்டுக்கு ஓடும், கம்பெனியின் மறுமுனையில் பேக்கப் இருந்தால் போதும்.

இரண்டாவது, அந்த ஸ்ப்ளிட்டரில் எத்தனை வீடு? பொதுவாக 2.5 ஜிபிபிஎஸ்ஸை 32 அல்லது 64 வீடுகள் பகிர்ந்துகொள்ளும். சாயங்காலம் எட்டு மணிக்குத்தான் குட்டு வெளிப்படும். அதனால் பக்கத்து ஃப்ளாட் மாமியிடம் "ராத்திரி எட்டு மணிக்கு எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். நோட்டீஸைவிட அவர் சொல்வது நம்பகம்.

மூன்றாவது, அப்லோட் வேகம் எவ்வளவு? நம் முகம் ஊருக்குப் போவது அதில்தான்.

நான்காவது, ஓ.என்.டி.யில் எல்.ஓ.எஸ். என்ற சிவப்பு விளக்கு மினுக்கினால் ஒளி வரவில்லை என்று அர்த்தம், எங்கோ இழை அறுந்திருக்கும், அல்லது கழன்றிருக்கும். அதை ஒட்ட வரும் ஆள் எங்கே இருக்கிறார்? கால் சென்டர் நம்பர் வேண்டாம், ஏணியோடு வருகிறவரின் நம்பர் வேண்டும்.

300 எம்பிபிஎஸ்காரர் மொட்டை மாடி ஸ்விட்ச். 200 எம்பிபிஎஸ்காரருக்கு லைன்மேன் ஊருக்கு வெளியே. 100 எம்பிபிஎஸ் பையன் மட்டும் என் கேள்விக்கு முழித்துவிட்டு, "தெரியலை சார், வாங்க பார்ப்போம்" என்று என்னோடு மாடி ஏறினான். இழை நேராக எங்கள் ஷாஃப்டில் இறங்கி வீட்டுக்குள் வருவதைக் காட்டினான். அவர்கள் லைன்மேன் இருப்பது இரண்டு சந்து தள்ளி. அதையே எடுத்துக்கொண்டேன். கூடவே ஓ.என்.டி.க்கும் ரவுட்டருக்கும் ஒரு குட்டி பேட்டரி, மொபைலுக்கு வேறொரு கம்பெனி சிம் ஒன்று.

அம்மா இப்போது ஊரில் தனியாக இருக்கிறாள். தினமும் ராத்திரி எட்டரைக்குப் பேத்தியிடம் பேச வேண்டும். போன வாரம் இங்கே இடி மழை, ஏரியா முழுக்க இருட்டு. மெழுகுவத்தி வெளிச்சத்தில் பேத்தியும் பாட்டியும் பேசிக்கொண்டிருந்தார்கள். "ஏன்டி இருட்டா இருக்கு?" என்றாள் அம்மா. "கரண்ட் இல்ல பாட்டி."

"அப்புறம் எப்படி நீ தெரியுறே?"

தங்கமணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பதினோரு நாள் பற்றி அதற்கப்புறம் அவள் எதுவும் கேட்கவில்லை.