ஐந்து பிரெஞ்சுக்காரர்கள் கொடுத்த எலும்பு மஜ்ஜை



ரத்த தானம் என்றால் யோசிக்காமல் கையை நீட்டுகிறோம். எலும்பு மஜ்ஜை தானம் என்றால் மட்டும் "முதுகுத்தண்டுல ஊசி போடுவாங்களாமே!" என்று நழுவி விடுகிறோம். (முதுகுத்தண்டு இல்லை, இடுப்பு எலும்பு.) இந்த பயம் இன்று வந்ததல்ல. ஆரம்ப காலத்தில் இதற்கு சம்மதித்தவர்களுக்கு பயப்பட நம்மை விட நல்ல காரணங்கள் இருந்தன. அவர்கள் கதை இது.

1958 அக்டோபர் 15. அன்றைய யூகோஸ்லாவியாவில், பெல்கிரேடு அருகே வின்ச்சா என்ற இடத்தில் இருந்த ஆராய்ச்சி அணு உலை கட்டுப்பாட்டை மீறியது. உள்ளே இருந்த இளைஞர்களுக்கு ஓசோன் வாடை அடித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. அதற்குள் ஆறு பேர் மீது கடுமையான கதிர்வீச்சு பாய்ந்து விட்டது. கதிர்வீச்சு எலும்பு மஜ்ஜையை அழிக்கும். மஜ்ஜை இல்லையென்றால் புது ரத்தம் ஊறாது, சாதாரண கிருமி கூட ஆளைக் கொன்று விடும். ஆறு பேரையும் விமானத்தில் பாரிசுக்கு, கியூரி மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள்.

அங்கே இருந்த மருத்துவர் ஜார்ஜ் மத்தே ஒரு முடிவெடுத்தார்: வேறு ஆட்களின் மஜ்ஜையை இவர்களுக்கு ஏற்றுவது. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் அதற்கு முந்தைய வருடம்தான், 1957-ல், அமெரிக்காவில் டொனால் தாமஸ் ஆறு நோயாளிகளுக்கு மஜ்ஜை ஏற்றிய முடிவுகளை வெளியிட்டிருந்தார். ஒருவர் கூட நூறு நாட்களைத் தாண்டவில்லை! (அதே தாமசுக்கு 1990-ல் நோபல் பரிசு கிடைத்தது வேறு கதை.)

இந்த நிலைமையில் ஐந்து பிரெஞ்சுக்காரர்கள் மஜ்ஜை கொடுக்க முன்வந்தார்கள். ஒருவர் நான்கு குழந்தைகளுக்குத் தாய். இன்னொருவர் மத்தேயின் குழுவிலேயே இருந்த மருத்துவர் லியோன் ஷ்வார்சன்பெர்க். பிற்காலத்தில் 1988-ல் சில நாட்கள் பிரான்சின் சுகாதார அமைச்சராகவும் இருந்தார். நோயாளிகள் இவர்களுக்கு சொந்தமும் இல்லை, சொந்த நாட்டுக்காரர்களும் இல்லை, மொழியும் வேறு.

ஐந்து பேருக்கு மஜ்ஜை ஏற்றப்பட்டது. ஒருவர் இறந்தார், நால்வர் பிழைத்தார்கள். பிழைத்த பெண் பின்னாளில் ஆரோக்கியமான குழந்தையும் பெற்றார். கொடுத்த மஜ்ஜை உடம்பில் நிரந்தரமாகத் தங்கவில்லை, கொஞ்ச காலம் வேலை செய்து மறைந்தது. அது இல்லாமலே பிழைத்திருப்பார்கள் என்று வாதிடும் விஞ்ஞானிகளும் உண்டு. எனக்கு அதனால் அந்த ஐந்து பேர் மீதான மரியாதை குறையவில்லை. பலிக்குமா என்று தெரியாமல்தானே கொடுத்தார்கள்?

ஏன் தங்கவில்லை என்பதற்கான விடை அதே 1958-ல், அதே பாரிஸ் நகரத்தில் பிறந்து கொண்டிருந்தது என்பதுதான் ஆச்சரியம். ஜான் தோசே வெள்ளணுக்களின் மேல் உள்ள அடையாளக் குறியைக் கண்டுபிடித்தார். இன்று எச்.எல்.ஏ. பொருத்தம் என்று சொல்வது அதன் வளர்ச்சிதான். 1980-ல் அவருக்கும் நோபல். உடன்பிறந்த ஒருவரோடு முழுதாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு. வெளி ஆட்களில் தேடினால் நம் வம்சாவளியில்தான் வாய்ப்பு அதிகம். அதனால்தான் 1974-ல் லண்டனில் ஆன்டனி நோலன் என்ற சிறுவனுக்காக அவன் தாய் கொடையாளர் பதிவேடு தொடங்கினார். பொருத்தம் கிடைக்காமலே 1979-ல் அவன் இறந்து போனான், பதிவேடு நிலைத்தது. சென்னையில் தாத்ரி பதிவேடு 2009-ல் தொடங்கியது.

எங்கள் கல்லூரியில் முகாம் நடந்தபோது கன்னத்தின் உட்பக்கம் பஞ்சுக் குச்சியால் தடவிக் கொடுத்துவிட்டு "தானம் பண்ணிட்டேன்டா" என்று சிலர் கிளம்பினார்கள். இல்லை! அது பெயர் கொடுப்பது மட்டும்தான். பாரிசில் ஒரே நேரத்தில் நடந்த முடிவு இன்று இரண்டாகப் பிரிந்திருக்கிறது. உண்மையான முடிவு, பொருத்தம் கிடைத்து தொலைபேசி வரும்போதுதான். அது நாளையே வரலாம், வராமலே போகலாம். வந்தால், பெரும்பாலும் சில நாட்கள் ஊசி போட்டு, பிறகு ரத்தத்திலிருந்தே ஸ்டெம் செல்களைப் பிரித்து எடுப்பார்கள். எலும்பு வலி, தலைவலி இருக்கும். சிலரிடம் மட்டும் மயக்க மருந்து கொடுத்து இடுப்பு எலும்பிலிருந்து எடுப்பார்கள். சில வாரங்களில் மஜ்ஜை மறுபடி ஊறிவிடும்.

ஒரு விஷயத்தை மட்டும் முகாமில் யாரும் அழுத்திச் சொல்லவில்லை. ஏற்றுவதற்குச் சில நாட்கள் முன்பே நோயாளியின் சொந்த மஜ்ஜையை மருந்தால் அழித்து விடுவார்கள். அதற்குப் பிறகு கொடையாளர் பின்வாங்கினால் அந்த நோயாளி, வின்ச்சாவிலிருந்து விமானம் ஏறியவர்களின் நிலைமைக்கு வந்து விடுவார். வீட்டில் சம்மதிக்க மாட்டார்கள் என்று தெரிந்தால் படிவத்தில் கையெழுத்து போடும் முன்பே அம்மா அப்பாவிடம் பேசி விடுங்கள். வேண்டாம் என்று தோன்றினால் அதை அன்றே சொல்லலாம், தொலைபேசி வந்த அன்றும் சொல்லலாம். அந்த மருந்து ஏறத் தொடங்கிய பிறகு சொல்லக்கூடாது.